தோட்டத்துக் கிளப்பில் எந்தப் பங்க் படத்தைப் போடலாம்?

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே கொழும்பிலிருந்து எங்கள் மலையகத் தோட்டத்துக்குப் பிள்ளைகள் வந்து இறங்கத் தொடங்கிவிடுவார்கள். புறக்கோட்டையில் துணிக்கடை, வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடை என்று வேலை பார்ப்பவர்கள். கையில் வீட்டுக்கு வாங்கிய சாமான், தலையில் அந்த வருஷத்து முடி வெட்டு. போன தீபாவளிக்குப் பாதிப் பேருக்குப் பொன் நிறம். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு முழுக்க அந்தத் தலைகளைப் பற்றித்தான். யார் மகன் கெட்டுப் போனான், யார் மகன் போதைத் தூள் அடிக்கிறான் என்று முடியைப் பார்த்தே முடிவு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அவர்களில் ஒரு தம்பி எங்கள் கிளப்புக்கு வந்தான். பத்தொன்பது வயது. உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கத் தொப்பியைக் கழற்றவில்லை. "கடையில முதலாளி ஒண்ணும் சொல்லலண்ணே. வாற ஆளுங்களும் ஒண்ணும் சொல்லல. இங்க பஸ்ஸ விட்டு எறங்கினதுலேருந்து எல்லாரும் சொல்றாங்க. முடிய வெட்டிட்டு வந்து சோத்துல கைய வைங்கிறாரு அப்பா" என்றான். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எங்கள மாதிரி ஆளுங்க வாற படம் ஒண்ணு போடுங்களேன்" என்றான்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை கிளப்பில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவது எங்கள் வழக்கம். முன் வரிசையில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள், நடுவில் இளைஞர்கள், பின்னால் அம்மாமார், தாத்தாமார். அந்தத் தம்பி கேட்டதற்காகவே, இளம் வயதின் எதிர்ப்பைச் சொல்லும் பங்க் படங்களைத் தேடி எடுத்தேன். ஐந்து பேர் உட்கார்ந்து மடிகணினியில் பார்த்தோம்: நான், பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) டீச்சர் அக்கா, முன்பு தோட்டத் தலைவராக இருந்த மாமா, உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி, அந்தத் தம்பி. அவன் கொழும்புக்குத் திரும்பிய பிறகு மிச்சத்தைப் போனில் பார்த்துவிட்டு இரவில் பேசுவான். வேறு தோட்டங்களிலும் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் நாங்கள் யோசித்ததை எழுதுகிறேன்.

பங்க் என்ற சொல்லை நம் பக்கத்தில் சலூனில்தான் கேட்டிருப்போம். அந்தக் காலத்தில் பின்னால் முடி வளர்த்தவனை 'பங்க் வைத்திருக்கிறான்' என்பார்கள். மேல்நாட்டில் அது 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் எழுந்த இசை. பிரித்தானியாவில் வேலையில்லாதவர்கள் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டிய நேரம். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்குப் போக இடமில்லை. கிட்டாரில் மூன்று கார்ட் தெரிந்தால் மேடை ஏறலாம் என்றது அந்த இசை. கிழிந்த சட்டையை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டார்கள். தங்கள் இதழ்களைத் தாங்களே தட்டச்சு செய்து, போட்டோகொப்பி எடுத்து விற்றார்கள். 1976 டிசம்பர் 1 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் குழு தொலைக்காட்சி நேரலையில் கெட்ட வார்த்தை பேசியது. மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் அதையே தலைப்பாக்கின. அதன் பிறகு பங்க் என்றால் ஊக்கு, எச்சில், சண்டை என்ற பார்வை ஊன்றிவிட்டது. பல படங்களும் அந்தப் பார்வையையே பிடித்துக்கொண்டன.

அந்தக் குழு அரச குடும்பத்தைச் சாடிய பாட்டை வெளியிட்டது 1977 மே 27 இல். தேதியைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே மே மாதம் 11 ஆம் திகதிதான் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எங்கள் மலையில் எதிர்த்து நிற்பதற்கு வேறு நெடுங்கதை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு படத்தையும் பார்த்தேன். இந்தப் படம் எதிர்க்கும் பிள்ளையை எப்படிப் பார்க்கிறது, அவனுக்கு என்ன வேண்டுமென்று நினைக்கிறது என்பதே என் கேள்வி.

முதலில் பார்த்தது 'சிட் அண்ட் நான்சி'. அலெக்ஸ் கொக்ஸ் இயக்கி 1986 இல் வந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷியஸும் அவருடைய காதலி நான்சியும் ஹெரோயினில் அழிந்த கதை. உண்மையில் நான்சி 1978 ஒக்டோபர் 12 அன்று நியூயோர்க் செல்சி ஹோட்டலில் கத்திக் குத்துடன் இறந்து கிடந்தார், வயது 20. நான்கு மாதத்துக்குள் சிட்டும் அளவு மீறிய ஹெரோயினால் இறந்தார், வயது 21. சிட்டாக வரும் கேரி ஓல்ட்மனின் நடிப்பைப் பற்றி எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஒரு சந்தில் இருவரும் முத்தமிட்டுக்கொண்டிருக்க, மேலிருந்து குப்பை மெதுவாக, பூப்போல விழும். பார்த்தவருக்கு மறக்காது.

என் தயக்கமே அந்தக் காட்சியில்தான். குப்பை பூவாகிறது, சாவு காதலாகிறது. நம் டவுன்களுக்கு ஐஸ் போதையும் தூளும் வந்து சேர்ந்துவிட்ட நேரத்தில், பதினைந்து வயதுப் பிள்ளை அந்த அழகை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனால் யார் பொறுப்பு? அந்தக் குழுவில் சிட்டோடு பாடிய ஜோன் லைடனே இந்தப் படத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். எங்கள் தம்பிக்குப் படம் பிடித்திருந்தது. ஆனாலும் அவனே கேட்டான், "அவன் ஏண்ணே பாட்டுக்கு வந்தான்? அத எங்கயுமே காட்டலையே." பீலிக்கரையில் பேசியதையே பெரிய திரையில் இன்னொரு முறை சொல்லும் படம் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். வயது வந்த ரசிகர்கள் மட்டும் கூடும் இடமென்றால் என் பேச்சு வேறாக இருந்திருக்கும்.

'எஸ்.எல்.சி. பங்க்' (1998, ஜேம்ஸ் மெரென்டினோ) வேறு ரகம். 1985 இல் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில், கட்டுப்பாடு மிக்க மதச் சூழலில் வாழும் ஸ்டீவோ என்பவனின் கதை. நீல முடி. கமெராவைப் பார்த்தே பேசுவான், சண்டை போடுவான், வாதாடுவான். எங்களில் எல்லோரும் சிரித்துப் பார்த்த படம் இது. நண்பனின் சாவுக்குப் பிறகு ஸ்டீவோ மொட்டையடித்துக்கொண்டு, சட்டத்தரணியான அப்பா காட்டிய வழியில் ஹார்வர்ட் சட்டக் கல்லூரிக்குப் போக முடிவெடுக்கிறான். அதோடு சரி.

அந்த முடிவைப் பற்றி அக்கா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. "அவனுக்குத் திரும்பிப் போக ஒரு வாசல் தெறந்தே இருக்கு. நம்ம பிள்ளைங்க முடிய வெட்டிட்டா எந்த வாசல் தெறக்கும்? அதே கடை, அதே பன்னெண்டு மணிநேரம்." எதிர்ப்பு ஒரு பருவம், வயது வந்தால் தானாக விலகும் என்கிறது அந்தப் படம். கொழும்பில் கடைக்குப் பின்னால் எட்டுப் பேரோடு ஓர் அறையில் படுக்கும் பையனுக்கு அது பொருந்தாது. படம் நல்ல படம், அது பேசும் ஆள் வேறு ஆள்.

ஆவணப் படம் என்றால் பெனலோப்பி ஸ்பீரிஸின் 'த டிக்ளைன் ஒஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்' (1981). 1979 கடைசியிலும் 1980 முற்பகுதியிலும் லொஸ் ஏஞ்சலிஸ் பங்க் மேடைகளில் எடுத்தது. அந்த நகரின் பொலிஸ் தலைவர் படத்தை மறுபடி காட்ட வேண்டாமென்று கடிதம் எழுதினார். அதே படத்தை 2016 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கதை இல்லை, பாட்டு வரிகள் புரியாமல் ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் கூட்டத்தை இருத்த முடியாது. இசை பழகும் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகக் காட்டலாம்.

மிச்சம் இரண்டு படம். உண்மையில் எங்கள் வாக்குவாதம் அந்த இரண்டுக்கும் இடையில்தான்.

'திஸ் இஸ் இங்கிலாண்ட்', 2006, ஷேன் மெடோஸ். கண்டிப்பாகச் சொன்னால் இது பங்க் படம் அல்ல, ஸ்கின்ஹெட் படம். பங்கின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். மொட்டைத் தலை, பூட்ஸ், தோள்பட்டி. 1960களின் கடைசியில் இந்தக் கூட்டம் உருவானபோது வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஜமேய்க்காவிலிருந்து குடியேறியவர்களின் இசையைக் கேட்டு ஆடியவர்கள். பிறகுதான் ஒரு பகுதியை இனவாதக் கட்சிகள் இழுத்துக்கொண்டன. அந்த இழுப்பு ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் மேல் எப்படி நடக்கிறது என்பதே படம்.

அந்தப் பையன் ஷோனின் அப்பா, பிரித்தானியா 1982 இல் ஆர்ஜென்டீனாவோடு நடத்திய போக்லண்ட் போரில் இறந்தவர். அகலக் கால்சட்டைக்காகப் பள்ளிக்கூடத்தில் கேலி. வழியில் வூடி என்ற மூத்தவனின் கூட்டம் அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. முடியை மழிக்கிறார்கள், சட்டை கொடுக்கிறார்கள். அம்மாவைப் பூட்ஸ் வாங்கித் தரச் சொல்லிக் கடையில் அடம் பிடிக்கும் காட்சியில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் மில்க்கி என்ற ஜமேய்க்க வம்சத்துப் பையனும் இருக்கிறான், யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அப்புறம் சிறையிலிருந்து கொம்போ வருகிறான்.

கொம்போ எல்லோரையும் உட்கார வைத்துப் பேசும் காட்சியை நாங்கள் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தோம். வேலை இல்லை, வீடு இல்லை, வந்தேறிகள்தான் காரணம் என்று போகிறது பேச்சு. பேச்சோடு பேச்சாகப் போக்லண்ட் போரை வீண் போர் என்கிறான். சின்னப் பையன் ஷோன் எழுந்து அவன் மேல் பாய்கிறான். கொம்போ அடிக்கவில்லை. அப்பா அங்கே இறந்தவர் என்று தெரிந்ததும் குரலைத் தணிக்கிறான். நீ எழுந்து நிற்காவிட்டால் உன் அப்பா செத்தது வீண் என்கிறான். வூடி வெளியே போய்விடுகிறான், ஷோன் கொம்போவோடு தங்கிவிடுகிறான். ஒரு பிள்ளையின் துக்கத்தை ஒருவன் எப்படித் தன் கையில் எடுக்கிறான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை. வெறுப்பைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் ஓர் இடம் கொடுக்கிறான், ஒரு பெயர் கொடுக்கிறான். இந்த நாட்டில் எல்லாப் பக்கத்திலும் பிள்ளைகள் இப்படித்தான் கூட்டிச் செல்லப்பட்டார்கள்.

அதனால் இந்தப் படத்தையே போடலாமென்று நான் ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். ஆனால் கொம்போவின் கூட்டம் தெற்காசியக் கடைக்காரர் ஒருவரின் கடைக்குள் கத்தியோடு புகுந்து மிரட்டிக் கொள்ளையடிக்கும் காட்சி வந்தது. மாமா எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். கிளப் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், வாயில் போடவில்லை. படம் நடப்பது எந்த வருஷம் என்று கேட்டார். 1983 ஜூலை என்றேன். அதே ஜூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கண்டியிலும் தமிழ்க் கடைகள் எரிந்தன. பதுளையில் எரிந்த கடை ஒன்றில் மாமாவின் அண்ணன் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். "பாக்க வேண்டிய படம்தான் தம்பி. ஆனா பின்னால உக்காந்திருக்கிற ஆளுங்கள ஒரு வார்த்த கேக்காம போட்டுறாத" என்றார்.

அவர் சொன்னது சரி. பிரித்தானியத் தணிக்கைச் சபையே இதற்கு 18 வயது வரம்பு போட்டது. வசைச் சொல்லும் கடைசி அடியும் அவ்வளவு கடுமையானவை. முன் வரிசையில் சின்னப் பிள்ளைகளும் பின் வரிசையில் 83ஐக் கண்டவர்களும் இருக்கும் மண்டபத்தில், முன்பேச்சு எதுவும் இல்லாமல் இதைப் போடுவது நியாயமாகாது.

'வீ ஆர் த பெஸ்ட்' 2013 இல் வந்த ஸ்வீடன் படம். இயக்கியவர் லூகாஸ் மூடிசன், மூலம் அவருடைய மனைவி கொக்கோ மூடிசன் வரைந்த சித்திரக் கதை. 1982, ஸ்டொக்ஹோம். பொபோ, கிளாரா என்ற பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகள். பங்க் செத்துப் போய்விட்டது என்று வகுப்பே சொல்லிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இளைஞர் நிலையத்தில் பக்கத்து அறைப் பையன்கள் பெருஞ்சத்தமாக வாசித்துப் பழகுகிறார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் திட்டுகிறார்கள். அறைக்குப் பெயர் எழுதும் பட்டியலில் அன்றைக்கு அந்தப் பையன்களின் பெயர் இல்லை என்று கண்டதும், நாங்களும் ஓர் இசைக்குழு என்று சொல்லி இரண்டு பேரும் தங்கள் பெயரை எழுதிவிடுகிறார்கள். ஒருத்திக்கும் ஒரு வாத்தியமும் தெரியாது. பறையறைவது போல் டிரம்மைப் போட்டு அடிக்கிறாள் ஒருத்தி, பேஸ் கிட்டாரை இழுக்கிறாள் இன்னொருத்தி. உடற்பயிற்சிப் பாடத்தின் மேல் இருக்கும் கோபம் அவர்களுடைய முதல் பாட்டு ஆகிறது.

இந்த இடத்தில் தங்கச்சி படத்தை நிறுத்தச் சொன்னாள். "நம்ம கிளப்புல பேரு எழுதுற பொத்தகமே இல்லையேண்ணே" என்றாள். உண்மைதான். சாவி எப்போதும் கிரிக்கெட் குழுப் பையன்களிடம். பெண்பிள்ளைகள் கிளப்புக்குள் வருவது படம் போடும் நாளிலும் கூட்டம் நடக்கும் நாளிலும் மட்டும். இத்தனை வருஷம் கிளப் வேலை பார்க்கும் எனக்கு அது உறைத்ததே இல்லை, அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஹெட்விக் சேர்கிறாள். தேவாலயத்துக்குப் போகும் குடும்பம், பள்ளிக்கூடத்தில் தனியாக நடப்பவள், கிட்டார் மட்டும் முறையாகத் தெரிந்தவள். மற்ற இரண்டு பேருக்கும் வாசிக்கக் கற்றுக் கொடுப்பவளே அவள்தான். அவளுடைய நீண்ட முடியை மற்றவர்கள் வெட்டிவிடும் காட்சி எங்கள் கூட்டத்தில் பெரிய பேச்சைக் கிளப்பும் என்று எனக்குத் தெரியும். கிளப்பட்டும். பொன் நிறத் தலையைப் பற்றிப் பீலிக்கரையில் தனித்தனியாகப் பேசுவதை ஒரே அறையில், பிள்ளைகளும் இருக்கும்போது பேசலாம். இந்தப் படத்தில் பெரியவர்கள் எவரும் அரக்கர் அல்ல. பிள்ளைகளும் எப்போதும் நல்லவர்களாக இல்லை: மின்கிட்டார் வாங்க ரயில் நிலையத்தில் பொய் சொல்லிக் கையேந்துகிறார்கள், ஒரு பையனுக்காகத் தோழிகள் இருவர் சண்டை பிடிக்கிறார்கள், மதுவைச் சுவைத்துப் பார்க்கும் காட்சியும் உண்டு. அம்மாமாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்தப் படத்தில் யாரும் சாகவில்லை, யாரும் திருந்தவும் இல்லை. கடைசியில் வேறோர் ஊர் மேடையில் கூட்டம் கூச்சல் போட, அவர்களும் திருப்பிக் கூச்சல் போட்டுவிட்டு, சந்தோஷமாக வீடு திரும்புகிறார்கள். முடியும் சட்டையும் அந்தப் பிள்ளைகளுக்குத் தொடக்கம்தான். சேர்ந்து ஒரு பாட்டைச் செய்து பார்ப்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது, படமும் அந்த ஆசையை மதிக்கிறது. தம்பி கேட்டது இந்தப் படத்தைத்தான் என்று எனக்குப் பட்டது. போனில் அவனிடம் சொன்னபோது, "பொம்பளப் புள்ளைங்க படமா?" என்று இழுத்தான். பார்த்துவிட்டு அடுத்த இரவு அவனே எடுத்தான். கடை மூடிய பிறகு நாலு பேரோடு பார்த்ததாகவும், அறைக்குப் பெயர் எழுதும் இடத்தில் எல்லோரும் கைதட்டியதாகவும் சொன்னான்.

ஆகவே எங்கள் முடிவு: பொதுத் திரையிடலுக்கு 'வீ ஆர் த பெஸ்ட்'. 'திஸ் இஸ் இங்கிலாண்ட்' படத்தைப் பதினெட்டு தாண்டியவர்களுக்கு மட்டும், இன்னொரு நாள். அன்றைக்குப் படத்துக்கு முன்னால் மாமா பத்து நிமிடம் 83 பற்றிப் பேசுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். நேரம் இருந்தால் அதோடு ரூபிகா ஷாவின் 'வைட் ரயட்' (2019) ஆவணப் படத்தையும் சேர்க்க ஆசை. கொம்போ மாதிரி ஆட்களுக்கு எதிராகப் பங்க் குழுக்களும் ஜமேய்க்க இசையான ரெகே குழுக்களும் ஒரே மேடை ஏறி, 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் பெருங்கூட்டம் கூட்டிய கதை அது.

ஒரு சிக்கல், மொழி. படம் ஸ்வீடிஷ், கீழே ஓடும் வரி ஆங்கிலம். ஆங்கிலம் வாசிக்கிற நாலு பேர் முதலில் சிரிப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் தமிழ் வரிகளை நாமே எழுதுகிறோம். கஷ்டமான வேலை இல்லை. எஸ்.ஆர்.டி. கோப்பு என்பது சாதாரண எழுத்துக் கோப்புதான்: ஓர் எண், தொடங்கி முடியும் நேரம், வசனம். நோட்பேடில் திறந்து நேரத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் தமிழில் மாற்றலாம். சேமிக்கும்போது யூ.டி.எஃப். 8 என்று தெரிவு செய்யாவிட்டால் திரையில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகள் வரும், எங்களுக்கு ஒரு தரம் வந்தது. தமிழ்ச் சொல் நீளம் என்பதால் வசனத்தைச் சுருக்கிச் சுருக்கி இரண்டு வரிக்குள் அடக்க வேண்டும். தங்கச்சியும் அவளுடைய வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் செய்கிறார்கள். 102 நிமிடத்தில் முதல் இருபது முடிந்திருக்கிறது.

கிளப் சுவரில் காமன் கூத்துக்கு எடுக்கும் தப்புப் பறை இரண்டு தொங்குகிறது. சாதிப் பேச்சுக்குப் பயந்து இளைஞர்கள் தொட மாட்டார்கள், பெண்பிள்ளைகள் கையில் யாரும் கொடுத்ததும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாமா ஒன்றைக் கழற்றி, முற்றத்தில் காய்ந்த சருகைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காட்டித் திருப்பினார். இடையிடையே விரலால் சுண்டிக் கேட்டார். மந்தமாக இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கணீரென்று வந்ததும் தங்கச்சியிடம் நீட்டினார். அவள் அடித்ததில் தாளம் எதுவும் இல்லை. மேட்டு லயத்து வீடுகள்வரை கேட்டிருக்கும்.

அதற்கு அடுத்த நாள் அவள் எண்பது பக்கச் சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கி வந்து, கிளப் கதவில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். முதல் பக்கத்தில் ஞாயிறு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை என்று மூன்று பெயர். அதற்குக் கீழே, நான்கு மணிக்கு மேல் என்று கிரிக்கெட் குழு எழுதியிருக்கிறது.